பதினொன்றாம் குரோமோசோமின் வால்

முப்பத்தொரு வருடத்தில் நான் கண்டுபிடித்த அரிதான குரோமோசோம் மாற்றங்களைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். அவற்றின் படங்களெல்லாம் நம் ஆய்வக அலமாரியில் வருடவாரியாக இருக்கின்றன. எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முன்னால் இருந்தும் நான் பார்க்காமல் விட்ட ஒன்றைப் பற்றிச் சொல்லவே வந்திருக்கிறேன். அதற்கும் அங்கே ஒரு கோப்பு உண்டு. உள்ளே இரண்டு அறிக்கைகள் இருக்கும். இரண்டிலும் கையெழுத்து என்னுடையதுதான். முதல் அறிக்கை தவறு.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு நடந்தது இது. நோயாளியின் பெயரை மாற்றி மாலதி என்று வைத்துக்கொள்கிறேன். இருபத்தாறு வயது. ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் செக்கர். தைத்து முடிந்து வரும் ஷூக்களை ஜோடி சேர்த்து, இரண்டும் ஒரே நிறமா, தையல் ஒன்றுபோல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது. கணவர் பிரபு அதே கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார்.

ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது என்று முதலில் பல் மருத்துவரிடம் போயிருக்கிறாள். பிறகு காய்ச்சல், உடம்பெங்கும் சிவப்புப் புள்ளிகள். வேலூருக்கு வந்து எங்கள் மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. எலும்பு மஜ்ஜையை எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். எந்த வகைப் புற்றுநோய், குரோமோசோமில் என்ன மாறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் மருத்துவர் அடுத்த ஆறு மாதத்தைத் திட்டமிடுவார். குரோமோசோம் இயல்பாக இருந்தால் மருந்தை மட்டும் சுற்றுச் சுற்றாகக் கொடுத்துப் பார்க்கலாம். சில மாற்றங்கள் இருந்தால் மருந்து மட்டும் போதாது. வேறொருவரின் மஜ்ஜையை வைக்க வேண்டும், அதற்கு ஆளைத் தேடும் வேலையை முதல் நாளே தொடங்க வேண்டும்.

மாதிரியோடு வந்த படிவத்தில் ‘முன்பு புற்றுநோய் சிகிச்சை பெற்றதுண்டா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது.

அது வெள்ளிக்கிழமை. மாலதியின் மருத்துவர் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். நல்ல மருத்துவர், அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, நோயாளிக்காக யாரிடமும் சண்டை போடுவார். “மேடம், இன்னைக்கு ரிசல்ட் வந்தா ஃபேமிலிகிட்ட உட்கார்ந்து பேசிடுவேன். அந்த ஹஸ்பண்ட் தினமும் வந்து கேக்கறார்” என்றார். என் மேஜையில் அன்று பதினோரு பேரின் ஸ்லைடுகள் இருந்தன.

மாலதியின் ஸ்லைடு நன்றாக வரவில்லை. குரோமோசோம்கள் குட்டையாக, குண்டாக, பட்டைகள் ஒன்றோடொன்று கலங்கிக் கிடந்தன. ஆனாலும் இருபது செல்களை எண்ணினேன். இருபதிலும் நாற்பத்தாறு. எதுவும் கூடவில்லை, குறையவில்லை. ஏழாவது செல்லில் மட்டும் ஒரு கணம் நின்றேன். பதினொன்றாம் ஜோடியில் ஒன்றின் வால் சற்று வெளிறியதுபோல் பட்டது. ஒன்பதில் ஒன்றின் தலையும் சரியாக இல்லையோ என்று தோன்றியது. அடுத்த நொடியே எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்: தயாரிப்பு மோசம், அதனால் அப்படித் தெரிகிறது.

அந்த ஒரு கணத்தை இத்தனை வருடம் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை. படிவத்தில் ‘முன்பு சிகிச்சை பெற்றதுண்டு’ என்று இருந்திருந்தால் நான் பதினொன்றாம் ஜோடியைத்தான் முதலில் பார்த்திருப்பேன். இல்லை என்று எழுதியிருந்ததால் என் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நான் ஸ்லைடைப் படித்ததாக நினைத்தேன். உண்மையில் படிவத்தைத்தான் படித்திருக்கிறேன்.

‘இயல்பான பெண் குரோமோசோம் அமைப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மணி நாலே முக்கால்.

திங்கட்கிழமை காலை, ரத்த மாதிரி வாங்கும் கவுன்டர் பக்கம் ஏதோ வேலையாகப் போனேன். கம்பிக்கு வெளியே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நின்றிருந்தார். மாலதியின் தாய். மஜ்ஜை மாதிரியை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார் என்பதால் முகம் ஞாபகம் இருந்தது. கையில் எதுவும் இல்லை. வரிசையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கம்பியருகே வந்தார்.

“மா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“இந்த டெஸ்ட்ல... ஒருத்தருக்கு முன்னாடி வேற நோவு வந்து, அதுக்கு மருந்து ஏத்திருந்தா, அது இதுல தெரிஞ்சிடுமா?”

“யாருக்கு?”

“தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு. சும்மா கேட்டேன்.”

“இன்னா நோவு வந்துச்சு அந்தப் பொண்ணுக்கு?”

அவர் புடவைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனார். “ஒண்ணும் இல்லமா. ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னாங்க. அப்ப தெரியாது, இல்ல?” என்றார். நான் பதில் சொல்லுமுன் திரும்பி நடந்துவிட்டார்.

அவர் பயந்தது நோய்க்காக மட்டும் இல்லை. எதுவோ வெளியே வந்துவிடக் கூடாது என்ற பயம் அந்தக் கேள்வியில் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த அறிக்கை அவருக்கு நிம்மதியைத் தந்திருந்தது.

மாடிக்குப் போய் மாலதியின் ஸ்லைடுகளை மறுபடி எடுத்தேன். மீதியிருந்த மஜ்ஜையிலிருந்து புதிதாக இரண்டு ஸ்லைடு போடச் சொல்லி, அது தயாராகும் வரைக்கும் பழையதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை பதினொன்றாம் ஜோடியை மட்டும். ஏழாவது செல்லில் பார்த்தது ஐந்தாவதிலும் இருந்தது, பன்னிரண்டாவதிலும் இருந்தது. புது ஸ்லைடு வந்ததும் சந்தேகமே இல்லை. பதினொன்றின் வால் முறிந்து ஒன்பதின் தலையில் ஒட்டியிருந்தது. ஒன்பதின் நுனி பதினொன்றுக்கு வந்திருந்தது. இரண்டு துண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கலங்கிய பட்டைகளில் இதைப் பிடிப்பது கஷ்டம் என்று நீங்கள் சொல்வீர்கள். கஷ்டம்தான். நான் நின்று பார்த்தேன் என்பதும் உண்மைதான்.

உறுதி செய்ய ஒளிரும் சாயச் சோதனை செய்தோம். பதினொன்றில் முறிவு விழும் இடத்திலுள்ள மரபணுவின் ஒரு பக்கம் சிவப்புச் சாயம், மறுபக்கம் பச்சைச் சாயம் ஒட்டும். முறியாமல் இருந்தால் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். மாலதியின் செல்களில் சிவப்பு ஒரு மூலையிலும் பச்சை ஒரு மூலையிலும் கிடந்தன.

அந்த முறிவு எப்படி வருகிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒரு நோயாளிக்குச் சொல்ல வேண்டி வரும் நாள் உங்களுக்கும் வரலாம். நம் செல்லுக்குள் டி.என்.ஏ. என்ற மரபு இழை முறுக்கேறிச் சிக்கிக்கொண்டே இருக்கும். சிக்கெடுப்பதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. அது இழையை வெட்டும், வெட்டின இடைவெளி வழியாக இன்னோர் இழையைக் கடத்திவிடும், பிறகு வெட்டினதைத் தானே ஒட்டிவிடும். நாம் உயிரோடு இருப்பதற்கே இந்த வெட்டு வேண்டும். சில புற்றுநோய் மருந்துகள் இந்த நொதியை வெட்டின நிலையிலேயே பிடித்து நிறுத்திவிடும், ஒட்ட விடாது. வேகமாகப் பெருகும் புற்றுச் செல் அத்தனை வெட்டுகளோடு பிழைக்க முடியாமல் செத்துப்போகும். அதுதான் அந்த மருந்தின் பலம். ஆனால் மஜ்ஜையில் இருக்கும் நல்ல செல்லுக்குள்ளும் அதே நொதி இருக்கிறது. எப்போதோ ஒரு முறை, ஏதோ ஒரு நல்ல செல்லில், வெட்டுப்பட்ட இரண்டு குரோமோசோம்களின் முனைகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்றும் நடப்பதில்லை. நடந்துவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் ரத்தப் புற்றுநோயாக வரலாம். பதினொன்றின் வாலில் இருக்கும் அந்த இடம் இப்படி முறிவதற்குப் பேர்போனது.

இந்த முறிவு அந்த மாதிரி மருந்து ஏறாதவர்களுக்கும் வரும். அதனால் ஸ்லைடை மட்டும் வைத்து நான் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கம்பிக்கு வெளியே நின்று கேட்ட கேள்வி என் காதில் இருந்தது.

எங்கள் துறைத் தலைவரிடம் போனேன். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். குறைவாகப் பேசுபவர். நான் கொண்டுபோன புதிய அறிக்கையின் தலைப்பில் ‘கூடுதல் விவரம்’ என்று போட்டிருந்தேன். அவர் படித்தார். பேனாவை எடுத்து ‘கூடுதல்’ என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டார்.

“இது கூடுதலா?”

அவரே தொடர்ந்தார்.

“வெள்ளிக்கிழமை சொன்னதோட இது சேருதா, இல்ல அதை மாத்துதா?”

“மாத்துது சார்.”

“அப்ப ‘திருத்தப்பட்ட அறிக்கை’ன்னு பெருசா போடுங்க. பழசை யாரும் நம்பக் கூடாது. கூடுதல்னு போட்டா, பழசும் சரின்னு நினைச்சு ஃபைல்ல ரெண்டையும் வெச்சிடுவாங்க.” பிறகு காகிதத்தை என்னிடம் தள்ளினார். “எல்லாருக்கும் தப்பு வரும்னு இப்ப நான் சொல்லணும்னு எதிர்பாக்கறீங்க. அதை அப்புறமா சொல்றேன். முதல்ல போய் போன் பண்ணுங்க.”

அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மருத்துவரை அழைத்துச் சொன்னேன்.

“மேடம், நார்மல்னு நான் அவங்ககிட்ட சொல்லிட்டேன். அந்த ஹஸ்பண்ட் வார்டு முழுக்க ஸ்வீட் குடுத்தார். எனக்கும் ஒண்ணு குடுத்தார், தின்னேன்.”

“தெரியுது டாக்டர். தப்பு என்னுது.”

“ஹிஸ்டரில ஒண்ணும் இல்லையே? ரெண்டு வாட்டி கேட்டேன்.”

இங்கேதான் நான் யோசித்தேன். கவுன்டரில் அந்தத் தாய் கேட்டதை அப்படியே சொல்லிவிடலாம். ஆனால் அவர் ‘தெரிஞ்ச பொண்ணு’ என்றுதான் சொன்னார். நானாக ஊகித்ததை நோயாளியின் வரலாறு என்று மருத்துவரின் காதில் போடுவது சரியாகப் படவில்லை. அது வார்டில் கணவர் காதுக்கு எந்த வடிவத்தில் போய்ச் சேரும் என்றும் தெரியாது. அதனால் இப்படிச் சொன்னேன்: “இந்த மாதிரி முறிவு, முன்னாடி சில மருந்து ஏறினவங்களுக்கு ஜாஸ்தி வரும். மறுபடி ஒரு வாட்டி கேளுங்க. ரெண்டு வாட்டியும் கேட்டப்போ பக்கத்துல யார் இருந்தாங்க?”

“அம்மாவும் ஹஸ்பண்டும்.”

“தனியா கேளுங்க. ரெண்டு பேரும் இல்லாதப்போ.”

அன்று மதியமே அவர் கேட்டிருக்கிறார். மாலதி உடனே சொல்லிவிட்டாள். இரண்டரை வருடம் முன்பு அவளுக்குச் சினைப்பையில் புற்றுக்கட்டி. வேறு ஊரில், சொந்தக்காரர் யாரும் வராத ஒரு மருத்துவமனையில் ஒரு பக்கத்துச் சினைப்பையை எடுத்து, மருந்து ஏற்றியிருக்கிறார்கள். நொதியைப் பிடித்து நிறுத்தும் மருந்தும் அதில் ஒன்று. முழுதாகக் குணமாகிவிட்டது. முடி வளர்ந்ததும் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லக் கூடாது என்று தாய் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இதைச் சொன்ன மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். “மேடம், அந்தப் படத்தைப் பாக்கணும்னு கேக்கறா. நான் விளக்கறதைவிட நீங்க வந்தா நல்லாருக்கும்.”

நாம் ஆய்வகத்துக்காரர்கள். நோயாளி நமக்கு ஒரு எண், ஒரு குழாய், இருபது செல். முப்பத்தொரு வருடத்தில் நான் வார்டுக்குப் போய் ஒரு நோயாளியோடு உட்கார்ந்து பேசியது நாலைந்து தடவைகூட இருக்காது. போகாமல் இருக்கக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

மாலதி முகக்கவசத்தோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருந்து ஆரம்பித்திருந்தார்கள். தாயும் கணவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். குரோமோசோம் படத்தை அவள் மடியில் வைத்தேன். இருபத்து மூன்று ஜோடிகள், ஒன்றிலிருந்து வரிசையாக.

“எல்லாம் ஜோடி ஜோடியா இருக்குது” என்றாள். “என் வேலையே இதுதான் மேடம். சொல்லாதீங்க, நான் கண்டுபிடிக்கறேன்.”

நகத்தை மேலே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாவது ஜோடியில் நின்றாள். “இதான? ஒண்ணு வளைஞ்சிருக்குது.”

“இல்ல. அது கண்ணாடில விழும்போது வளைஞ்சுக்கிச்சு. அதுல ஒண்ணும் இல்ல.” ஒன்பதையும் பதினொன்றையும் காட்டினேன். எந்த இடத்தில் முறிந்தது, எது எங்கே போயிருக்கிறது என்று பென்சிலால் காட்டினேன்.

வெகுநேரம் குனிந்து பார்த்தாள். “இது தெரியவே இல்லையே மேடம்.”

“எனக்கும் முதல்ல தெரியல. வெள்ளிக்கிழமை ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தது நான்தான். ஒரு செல்லுல சந்தேகம் வந்துச்சு. திருப்பிப் பாக்காம விட்டுட்டேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “செக்கிங்ல நானும் விட்டிருக்கேன். கப்பல் ஏறிப் போய் திரும்பி வரும். யார் பாத்த ஜோடி இதுன்னு சூப்பர்வைசர் வந்து நிப்பாரு. ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டோம்.” படத்தை மறுபடி பார்த்தாள். “ஆனா அது ஷூ மேடம்.”

“ஆமா” என்றேன். அவள் மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

பிறகு அவள் கேட்டாள். “கம்பெனில ஷூ ஒட்டற சொல்யூஷன் வாசனை ஜாஸ்தியா இருக்கும். தலையே சுத்தும். அதால வந்துச்சா?”

“அந்த வாசனையும் நல்லது இல்ல. ஆனா இந்த எடத்துல இப்படி முறிஞ்சிருக்கறத பாத்தா, அப்ப ஏத்தின மருந்தாலன்னுதான் தோணுது.” நொதி வெட்டுவதையும் ஒட்டுவதையும், மருந்து நடுவில் புகுந்து நிறுத்துவதையும் என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

“அப்ப அந்த மருந்து நல்லதா, கெட்டதா?”

எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். இப்படி நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை.

“அது இல்லன்னா ரெண்டரை வருஷம் முன்னாடியே நீங்க இல்ல மாலதி. அன்னைக்கு அதைக் குடுத்தவங்க சரியாத்தான் குடுத்தாங்க. நிறையப் பேருக்கு அது உயிர் குடுக்குது. ஒரு சிலருக்கு இப்படி ஆவுது. யாருக்கு ஆகும்னு முன்னாடியே சொல்ல எங்களுக்குத் தெரியல.”

அவள் படத்தை மடிக்காமல் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். “அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். அம்மாவ விட்டா அழுதே பேஜார் பண்ணிடும்.”

அன்று மாலை அவள் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், ஐந்து மணிக்கு நான் வீட்டுக்குக் கிளம்பியபோது அவள் தாய் மாதிரிக் கவுன்டருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“போய்ட்டாரு மா. ஒரு வார்த்த பேசல. பையை எடுத்துக்கினு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ட்டாரு. போன் பண்ணா எடுக்கல.” குரல் உயர்ந்தது. “நீங்க முதல்ல எழுதினத அப்படியே விட்டிருந்தா இன்னா மா? என் பொண்ணு வாழ்க்கை போச்சே!”

சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். விட்டிருந்தால் அவள் உயிரே போயிருக்கலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்தப் பெண்மணி இரண்டரை வருடமாக ஒற்றை ஆளாக ஒரு பயத்தைச் சுமந்திருந்தார். அவர் பயந்தது நடந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் சரியென்று நிரூபித்து என்ன ஆகப்போகிறது? கேன்டீனிலிருந்து டீ வாங்கிவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

“நான் மறைச்சதால தான் மறுபடி வந்துச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அதால இல்ல. நோய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல” என்றேன். அது உண்மை. மறைத்ததால் மூன்று நாள் போனது என்பதும் உண்மை. ஆனால் அந்த மூன்று நாளில் எனக்கும் பங்கு இருந்தது.

கணியம்பாடியில் இருக்கும் என் வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கணவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் திருத்தாமல் இருந்திருக்க முடியாது. இருந்தாலும் ஒரு குடும்பம் உடைந்ததில் என் பேனாவும் இருக்கிறது என்ற எண்ணம் போகவில்லை. சரியானதைச் செய்தால் மனம் லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். சில நாள் சரியானதைச் செய்துவிட்டுத்தான் தூக்கம் வராது.

மறுநாள் காலை எட்டரைக்குக் கவுன்டர் திறக்கும்போது பிரபு அங்கே நின்றிருந்தார். சட்டை கசங்கி, கண் சிவந்து. பக்கத்தில் கம்பெனிச் சீருடையோடு இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன். மாலதியின் தம்பி.

“இவன் ரத்தத்த எடுத்துப் பாருங்க மேடம்” என்றார் பிரபு. “கூடப்பொறந்தவங்களுதுதான் சேர சான்ஸ் ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னாங்க. இவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை செய்யறான். போன்ல சொன்னா லீவு குடுக்க மாட்டாங்க. அதான் நானே போய் சூப்பர்வைசர்கிட்ட பேசிக் கூட்டினு வந்தேன்.”

“போனை எடுத்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அவங்க பயந்துட்டாங்க.”

“எடுத்தா கத்திருப்பேன் மேடம். கத்தக் கூடாதுன்னுதான் எடுக்கல.”

தாய் படியேறி வந்தார். மகனையும் மருமகனையும் சேர்த்துப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிரபு அவரிடம் போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “எங்கிட்ட சொல்லியிருக்கலாம் அத்தை.” அதன் பிறகு பல மாதம் அவர் மாமியாரோடு பேசவில்லை என்று மருத்துவர் சொன்னார். சாப்பாடு வாங்கிவருவார், கட்டில் ஓரத்தில் வைப்பார், பேசமாட்டார். இது உடனே எல்லாம் சரியாகிவிட்ட கதை இல்லை. ஆனால் ஒரு நாளும் அவர் வராமல் இருந்ததில்லை.

தம்பியின் ரத்தம் பொருந்தியது. மருந்தில் நோய் அடங்கிய பிறகு அவனுடைய மஜ்ஜைச் செல்களை மாலதிக்கு ஏற்றினார்கள். அடுத்த மூன்று மாதம் மோசமாக இருந்தது. தோல் உரிந்தது, எதையும் விழுங்க முடியவில்லை, ஒருமுறை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். தினமும் காலையில் அவளுடைய ரத்த எண்ணிக்கையைக் கணினியில் பார்த்துவிட்டுத்தான் என் வேலையைத் தொடங்குவேன். யாரும் என்னைப் பார்க்கச் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து அவளுடைய மஜ்ஜை பரிசோதனைக்கு வந்தது. வயிற்றிலிருக்கும் கருவைப் பரிசோதிக்கும் பிரிவிலிருந்து எங்களிடம் மாற்றலாகி வந்திருந்த ஸ்டீபன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுபவசாலி, ஆனால் மாலதியின் கதை அவருக்குத் தெரியாது. திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

“மேடம், மாதிரி மாறிடுச்சு. பேஷன்ட் பொம்பள. ஆறு செல் பாத்துட்டேன், ஆறுலயும் ஆம்பளைங்களுக்கு இருக்கற ஒய் குரோமோசோம் இருக்குது. கவுன்டர்ல குழாயை மாத்திட்டாங்க.”

“இருபது பாத்தீங்களா?”

“எதுக்கு மேடம் இருபது? ஆள் மாறிடுச்சே.”

“தம்பியோட மஜ்ஜை வெச்சிருக்கு ஸ்டீபன். அது தம்பியோட ஒய். மீதி பதினாலையும் பாருங்க.”

அவர் என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். நான் அவர் பின்னால் போய் நின்றேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று அவர் சொல்லச் சொல்ல நான் தாளில் கோடு போட்டேன். மாலதியின் பழைய செல் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அதில் ஒய் இருக்காது. பதினெட்டில் அவர் கொஞ்சம் நின்றபோது நானும் குனிந்து பார்த்தேன். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன, அவ்வளவுதான். இருபதிலும் ஒய் இருந்தது. அவர் எழுந்த பிறகு நான் உட்கார்ந்து இருபதையும் மறுபடி பார்த்தேன்.

அறிக்கை வாங்க மாலதியின் தாய்தான் வந்தார். மகள் ஆம்பூரில் மறுபடி வேலைக்குப் போகிறாளாம், பாதி நாள் மட்டும். குழந்தை பிறக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம், பிரபு அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். அறிக்கையை எழுத்துக்கூட்டிப் படித்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். “இன்னா மா, ஆம்பளைன்னு போட்டிருக்குது?”

“அது அப்படித்தான் வரணும். அவங்க உடம்புல ஓடற ரத்தம் பூரா இப்ப உங்க பையனோடது. நாங்க பாத்ததுல பழசு ஒரு செல்கூட இல்ல.”

அவர் விரலை அந்த இடத்திலிருந்து எடுத்தார்.

“அதனால இன்னா மா. ரெண்டையும் நான்தான பெத்தேன்” என்று சொல்லிவிட்டு, அறிக்கையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.